தூத்தல் மழைக்குக் கண் திறக்காத பெட்டி

எழுதுறதுக்கு உக்காந்து நாலு நாளாச்சு. பேனாவைத் திறக்கிறேன், மூடுறேன். எனக்கு அஞ்சாப்பு வரைக்கும்தான் படிப்பு. ஒற்று எழுத்து எங்க வரும், எங்க வராதுன்னு சரியாத் தெரியாது. ஒரு வரியை முடிக்கிறதுக்குள்ள எதுக்கு ஆரம்பிச்சேன்னு மறந்துபோகுது. படிக்கிறவங்க பொறுத்துக்கணும். வருசம், தேதி கேட்டா சொல்லத் தெரியாது. எந்த மாசம், என்ன காத்து அடிச்சதுன்னு கேட்டா சொல்லுவேன்.

சாகுல் சார்தான் எழுதச் சொன்னார். அவர் கீழக்கரைக்காரர். கம்ப்யூட்டர் பெட்டி செய்றவர். பெட்டிக்குள்ள ஓடுற புரோகிராம் எழுதுறவங்க சில பேர் சேர்ந்து, அவங்க வேலையில நடந்ததையெல்லாம் ஒரு புத்தகமாப் போடுறாங்களாம். இப்ப புதுசா வர்ற பெட்டிகள் எல்லாமே சும்மா இருந்தாத் தானாத் தூங்கிடுற மாதிரிதான் வருதாம். அதனால எங்க உப்பளத்துல நடந்ததை எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு போன்ல சொன்னார்.

"நீங்களே எழுதுங்க சார். ஒங்க பெட்டிதானே"ன்னேன்.

"நான் எழுதினா 'தப்பு பண்ணிட்டேன், திருத்திட்டேன்'னு ரெண்டு வரியில முடிஞ்சிரும்க்கா. கூட இருந்து பாத்தது நீங்கதானே."

சரின்னு சொல்லிட்டேன். எதிர்ல இருக்கிறவங்ககிட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு இன்னைக்கு வரைக்கும் வரல. போன்லயும் வரல.

வாலிநோக்கம் பக்கத்துல ஒரு உப்பளம். பேர் வேண்டாம். அங்கன நான் முதல்ல உப்பு சுமந்தேன். எட்டு வருசமோ ஒம்போது வருசமோ. ஒரு நாள் பாத்தி வரப்புல கிடந்த கண்ணாடித் துண்டு குதிகால்ல ஏறிருச்சு. உப்புத் தண்ணியில நின்னா புண் எப்படி ஆறும்? நடக்க முடியாம இருந்தவளைக் கொண்டுபோய் மழைக் குடிசையில உக்கார வச்சாங்க. எண் எழுதத் தெரியும்கிறதுதான் தகுதி. அங்கன இருந்த பெரியவர் பணி ஓய்வுல போகுறதுக்கு முன்னாடி மூணு நாள் சொல்லிக் கொடுத்தார். மூணாவது நாள் மத்தியானம் சாவியைக் கையில குடுத்துட்டு பஸ் ஏறிட்டார். என் பயிற்சி அவ்வளவுதான்.

மழைக் குடிசைன்னா ஒரு சின்ன ஓட்டு அறை. வெளியில சிமெண்ட் மேடை. மேடையில மழைமானி: மேல புனல், உள்ள ஒரு குப்பி. காலையில எட்டரை மணிக்குக் குப்பியை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குழாய்ல தண்ணியை ஊத்தி, தரையில வச்சு, குனிஞ்சு, தண்ணியோட நடு மட்டத்துக்குக் கண்ணை நேராக் கொண்டுபோய்ப் படிக்கணும். நின்னுக்கிட்டுப் படிச்சாத் தப்பு வரும். படிச்சதும் நோட்டுல எழுதணும். மழை இல்லைன்னாலும் கட்டத்தைக் காலியா விடக் கூடாது, 0.0 போடணும். தப்பா எழுதிட்டா அழிக்கக் கூடாது. மேல மேல எழுதவும் கூடாது. ஒரே ஒரு கோடு, கீழ இருக்கிற எண் தெரியுற மாதிரி அடிக்கணும். சரியானதைப் பக்கத்துல எழுதி ஒரு சின்னக் கையெழுத்துப் போடணும். 'ப' எழுதி ஒரு புள்ளி வைப்பேன். என் பேர் பஞ்சவர்ணம்.

உப்பளத்துக்கு மழை எதிரி. அதுலயும் பங்குனி, சித்திரையில வர்ற தூத்தல், சின்னத் தூறல்தான், பெரிய எதிரி. பெருமழைன்னா எல்லாருக்கும் தெரியும், வேலையை நிறுத்திட்டு வீட்டுக்குப் போயிரலாம். தூத்தல் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனா பாத்தியில விளைஞ்ச உப்பு மேல அது விழுந்தா அன்னைக்கு வாரக் கூடாது. வாரினா அடிச்சேறு கலந்து வரும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல பேஞ்சா அன்னைக்கு வாருறது கிடையாதுன்னு எங்க உப்பளத்துல விதி. அந்த ஒரு மில்லிமீட்டரைச் சொல்றதுதான் என் வேலை. அம்பது அறுபது பேர் என் நோட்டைப் பாத்து வேலை செய்றாங்கன்னு நினைச்சா எனக்குப் பேனா ஓடாது. அதனால நினைக்க மாட்டேன்.

பிறகு ஒரு வருசம் சாகுல் சார் பெட்டியோட வந்தார். தலைமை ஆபீஸ்ல ஏற்பாடு பண்ணினது. கம்பத்துல ஒரு காத்து மீட்டர், மேடையில என் மழைமானிக்குப் பக்கத்துலயே இன்னொரு மழைமானி. அதுக்குள்ள குப்பி இல்ல. ஒரு சின்னத் தொட்டில் மாதிரி இருக்கும், ரெண்டு பக்கமும் கிண்ணம். ஒரு கிண்ணம் நிறைஞ்சா 'டக்'குன்னு சாயும், மறு கிண்ணம் மேல வரும். ஒரு சாய்வுக்கு 0.2 மில்லிமீட்டர். சாயும்போதெல்லாம் ஒரே ஒரு எழுத்தைக் கேபிள் வழியா குடிசைக்குள்ள இருக்கிற பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதை எண்ணி ஒரு சின்னத் திரையில காட்டும். ஆபீசுக்கும் போன் மாதிரி ஒரு கருவி வழியா அனுப்பும். கரண்டு கிடையாது. கூரையில ஒரு சோலார் தகடு, உள்ள மோட்டார் சைக்கிள் பேட்டரி அளவுல ஒரு பேட்டரி.

சாகுல் சாரைப் பத்திச் சொல்லணும். ஒல்லியான மனுசர். துபாய்ல இருந்துட்டு வந்தவர்னு சொன்னாங்க, ஆனா பேச்சுல அந்தப் பவுசு இருக்காது. சத்தமாப் பேசி நான் கேட்டதில்ல. சட்டைப் பையில ஒரு குட்டி நோட்டு வச்சிருப்பார். யார் என்ன சொன்னாலும் எழுதிக்குவார். நான் சொன்னதைக் கூட எழுதினார். எனக்கு வெக்கமாப் போச்சு. ஏதாவது சொன்னா உடனே ஒண்ணு கேப்பார்: "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" பாத்தேன்னா நோட்டுல ஒரு பக்கம், நெனச்சேன்னா எதிர்ப்பக்கம். ரெண்டையும் கலக்க மாட்டார். உப்பளத்து மேனேஜர் சார் ஒரு தடவை, "பேட்டரி பழுதாத்தான் இருக்கும்"னார். "பாத்தீங்களா சார், நெனச்சீங்களா?"ன்னு அவர்கிட்டயும் கேட்டுட்டார். மேனேஜர் சாருக்கு முகம் சிவந்துருச்சு. நான் மேடைக்குப் பின்னால போய்ச் சிரிச்சுட்டு வந்தேன்.

முதல் வருசம் ஐப்பசி, கார்த்திகையில பெட்டி படுத்துருச்சு. நாலு நாள் வெயில் இல்லைன்னா பேட்டரி இறங்கிரும். மழையை அளக்க வந்த பெட்டிக்கு மழைக்காலம் ஆகல. மேனேஜர் சார், "ஏம்மா பஞ்சவர்ணம், இதுக்கு ஒரு குடை பிடிச்சுப் பாரேன்"னு சிரிச்சார். அப்ப அவர் என் பக்கம்தான்.

தை மாசம் சாகுல் சார் புதுப் புரோகிராம் போட்டார். போடும்போது என்னைப் பக்கத்துல உக்கார வச்சுச் சொன்னார். பெட்டிக்குள்ள ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கு. அதோட அடிமடியில கர்னல்னு ஒண்ணு. பெட்டிக்குப் பின்னால மூணு கேபிள் சொருகுற வாசல் இருக்குல்ல, ஒவ்வொரு வாசலையும் கவனிச்சுக்க கர்னலுக்குள்ள ஒரு டிரைவர் உண்டு. டிரைவருங்கிறதும் ஒரு புரோகிராம்தான். இதுவரைக்கும் மூணு வாசலும் பேச்சு வந்தாலும் வராட்டாலும் இருபத்துநாலு மணி நேரமும் முழிச்சிருந்துச்சு. இனிமே ஒரு நிமிஷம் பேச்சு இல்லைன்னா அந்த வாசல் தூங்கிரும். பேச்சு வந்தா முழிச்சுக்கும். பேட்டரி மிச்சம்.

"நல்லதுதான் சார். மனுசனுக்கும் அப்படி இருந்தா நல்லது"ன்னேன். எப்படிச் சொன்னேன்னு தெரியல, வாய்ல வந்துருச்சு. அவர் சிரிச்சார். அதை நோட்டுல எழுதல.

பேட்டரி நல்லா நின்னுச்சு. மாசியில ஒரு பெருமழை. என் குழாய்ல 31.4. பெட்டியில 30.8. எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. மூணு மாசம் கைநோட்டும் பெட்டியும் ஒத்துப்போனா இனி பெட்டியை மட்டும் நம்பலாம்னு தலைமை ஆபீஸ்ல இருந்து கடுதாசி வந்துச்சு. ஒத்துப்போகலைன்னா ஏன்னு கண்டுபிடிச்சு எழுதணும்.

பங்குனியில தூத்தல் ஆரம்பிச்சது. முதல் நாள் என் குழாய்ல 2.2. பெட்டியில 0.0. ரெண்டாவது தடவை எனக்கு 1.4, பெட்டிக்கு 0.0. மூணாவது தடவை 2.6, பெட்டிக்கு 0.2.

மேனேஜர் சாருக்குக் கடுதாசி எழுத வேண்டிய வேலை. மோசமான ஆள் இல்ல. கடலாடியில இருந்து தினமும் பைக்ல வருவார், வரும்போதே முதுகு ஈரமாத்தான் இருக்கும். ஆனா பெட்டி பெரிய ஆபீஸ் பெட்டி, நான் கால்ல கண்ணாடி குத்தின பஞ்சவர்ணம். அவர் எதை நம்புவார்? பெருமழைக்குச் சரியாச் சொல்ற பெட்டி சின்ன மழைக்கு எப்படித் தப்பாச் சொல்லும்னு கேட்டார்.

ஒரு நாள் சம்பள வரிசையில எல்லாரும் நிக்கும்போது சொன்னார்: "ஏம்மா, வானத்துக்கே தெரியாத மழை ஒன் குப்பியில மட்டும் எப்படிப் பேயுது? முகம் கழுவுற தண்ணியை ஊத்திவிடுறியா?"

எல்லாரும் சிரிச்சாங்க. ராக்கம்மாவும் சிரிச்சா. ராக்கம்மா என் கூட உப்பு சுமந்தவ, எனக்கு மதினி முறை. அன்னைக்கே அவர் சொன்னார், மாசக் கடைசியில என்னை நிறுத்தப் போறதாகவும், வேலைப் பதிவேட்டுல 'பொய் அளவு எழுதினார்'னு குறிக்கப் போறதாகவும். வேலை போகுறது கூடப் பரவாயில்ல. என் மகன் திருப்பூர்ல இருந்து அனுப்புறான், கஞ்சி குடிச்சுக்கலாம். ஆனா நான் வாழ்நாள்ல எழுதினது அந்த நோட்டு ஒண்ணுதான். கடுதாசி எழுதினதில்ல. கல்யாணப் பத்திரிகையில கூட எழுதினதில்ல. அதைப் பொய்யின்னு எழுதி வச்சா நான் எழுதினது ஒண்ணுமே இல்லைன்னு ஆயிரும்ல.

அதுக்கு அடுத்து நான் செஞ்ச காரியத்தை எழுதத்தான் நாலு நாளாப் பேனாவை மூடி மூடி வச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு விடிகாலையில தூத்தல். எட்டரைக்குக் குழாய்ல 1.6. திரையில 0.0. நோட்டைத் திறந்தேன். பேனா கட்டத்துல வந்து நிக்குது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒத்துப்போனா மேனேஜர் சார் கோவம் தணிஞ்சிரும்னு தோணுச்சு. 0.0ன்னு எழுதிட்டேன். 'ப' போட்டுப் புள்ளியும் வச்சேன். குழாய்த் தண்ணியை மணல்ல ஊத்துனேன். அது உடனே உறிஞ்சிருச்சு.

மேனேஜர் சார் வந்து பாத்தார். "இப்ப சரியா இருக்குல்ல"ன்னார். வாருறதுக்கு ஆள் அனுப்பினார்.

மத்தியானம் ராக்கம்மா குடிசை வாசல்ல வந்து நின்னா. முழங்கை வரைக்கும் கறுப்புச் சேறு. வாரின உப்பெல்லாம் அழுக்கு. திரும்ப உப்புத் தண்ணியில அலசச் சொல்லிட்டாங்களாம். ஒரு நாள் வேலை ரெண்டு நாள் ஆயிருச்சு.

"ஏன் மதினி, மழை பேஞ்சது எங்க முந்தானைக்குத் தெரியுது, ஒங்க நோட்டுக்குத் தெரியலையா?"

நான் நோட்டை மூடி வச்சேன்.

"அந்தாளு நக்கல் பண்ணினாருன்னு எழுதாம விட்டுட்டீகளாக்கும். நாங்க சிரிச்சோம்னு எங்க மேல கோவமோ?"

"இல்ல ராக்கு."

"சிரிச்சது தப்புதான். அதுக்காக எங்களைச் சேத்துல எறக்குவீகளா?" சொல்லிட்டுப் போயிட்டா. அவ சத்தம் போட்டிருந்தாத் தேவலை.

அன்னைக்குச் சாயங்காலம் பெட்டியில ஒட்டியிருந்த சாகுல் சார் நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு மணி அடிச்சதும் பயந்து கட் பண்ணிட்டேன். மறுபடி போட்டேன், மறுபடி கட். மூணாவது தடவைக்கு அவரே கூப்பிட்டார்.

"யாரு?"

போனை இன்னொரு காதுக்கு மாத்தினேன்.

"பஞ்சவர்ணம் அக்காவா? ரெண்டு தடவை போட்டு ரெண்டு தடவையும் கட் பண்ற ஆளு எனக்கு வேற யாரும் இல்ல. பெட்டி அணைஞ்சிருச்சா?"

"இல்ல சார். தூத்தலை எண்ண மாட்டேங்குது."

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"கேட்டேன் சார். 'டக்'குன்னு சாயுறது காதுல கேக்குது. திரையில எண் மாறல."

பேனா உரசுற சத்தம் கேட்டுச்சு. எழுதுறார்னு புரிஞ்சது. அப்புறம் சொன்னார்: "அடுத்த தூத்தல் வரும்போது ஒவ்வொரு டக்குக்கும் மணி என்ன, திரையில எவ்வளவுன்னு எழுதி வைங்க. காத்து மீட்டர்ல ஏதாவது கோளாறு இருக்கா?"

"இல்ல சார். காத்து ஒரு நாளும் தப்பினதில்ல."

"அதையும் எழுதுங்க."

நோட்டுல எழுதாம நாள்காட்டித் தாளைத் திருப்பி அதுல எழுதினேன். பொழுது விடிஞ்சு ஒரு தூத்தல், மறுநாள் மாலை ஒரு தூத்தல். குடிசை வாசல்ல ஸ்டூலைப் போட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஆடு கத்தினாக் கூடக் கோவம் வரும். எழுதி முடிச்சுப் பாத்தப்பதான் எனக்கே ஒண்ணு தெரிஞ்சது. ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவுல ஒரு நிமிஷத்துக்கு மேல போனா எண்ணவே இல்ல. கொஞ்சம் வலுத்து, அரை நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு விழுந்தப்ப முதல் டக்கை விட்டுட்டு மத்ததை எண்ணியிருக்கு. பெருமழையில ஏன் ஒத்துப்போச்சுன்னும் புரிஞ்சுபோச்சு. யார்கிட்டயும் சொல்லல. தப்பா இருந்தா?

சாகுல் சார் மூணாம் நாள் வந்தார். கையில மடிக்கணினி. அது கூட ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துற டியூப் ஒண்ணு. மேனேஜர் சாரையும் வரச் சொல்லி நாற்காலி போட்டு உக்கார வச்சார். என் நாள்காட்டித் தாளை வாங்கி மேலிருந்து கீழ் வரைக்கும் படிச்சார். நோட்டையும் வாங்கினார். அதுக்கப்புறம் கேட்டார்:

"அக்கா, இந்த நோட்டுல நீங்க பாக்காததை எழுதின நாள் ஏதாவது உண்டா?"

மேனேஜர் சார் பக்கத்துல உக்காந்திருக்கார். இல்லைன்னு சொல்லிரலாம். யாருக்கும் தெரியாது. ராக்கம்மாவுக்குக் கூட நான் எழுதாம விட்டேன்னுதான் தெரியும், குழாய்ல எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியாது. ஆனா அவர் அப்படிக் கேட்டப்ப என்னால அவர் நோட்டுல எதிர்ப்பக்கத்துல போய் நிக்க முடியல.

"இருக்கு சார். ஒரு நாள்." எந்த நாள்னு விரலை வச்சுக் காட்டினேன். "குழாய்ல 1.6 இருந்துச்சு. பெட்டிக்கு ஒத்து வரட்டும்னு 0.0 எழுதிட்டேன்."

மேனேஜர் சார் நாற்காலியில இருந்து எந்திரிச்சிட்டார். "பாத்தீங்களா சாகுல்! அவளே ஒத்துக்கிட்டா. இதுக்கு மேல என்ன சோதனை? நான் கடுதாசி எழுதுறேன்."

"எழுதுங்க சார். ஒரு மணி நேரம் கழிச்சு எழுதுங்க. ஒரு எண் பொய்யின்னு அவங்களே சொல்லிட்டாங்க. மத்ததெல்லாம் பொய்யா, நெசமான்னு பாத்துட்டு எழுதினா ஒரே கடுதாசியாப் போயிரும்."

மேடையைப் பிடிச்சுக்கிட்டேன்.

சாகுல் சார் ஒரு பாட்டில் தண்ணியைக் கம்பத்துல கட்டினார். டியூபோட நுனியைத் தொட்டில் மானியோட புனல்ல விட்டார். டியூப்ல ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அதைத் திருகினா சொட்டு கூடும், குறையும். முதல்ல நல்லாத் திறந்துவிட்டார். என்னைக் காதால எண்ணச் சொன்னார். மேனேஜர் சாரைத் திரையைப் பாக்கச் சொன்னார். டக், டக், டக். ரெண்டு நிமிஷத்துல பத்து.

"பத்து சார்"னேன்.

"இங்கன 1.8, அப்ப ஒம்போது. ஒண்ணு குறைஞ்சா என்ன, குடியா முழுகிப்போச்சு?"

சாகுல் சார் 'வேகம்: 10, 9'னு எழுதிக்கிட்டார். சக்கரத்தைத் திருகிச் சொட்டைக் குறைச்சார். ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் ஒன்றரை நிமிஷம் வர்ற மாதிரி வச்சார். மறுபடி பெட்டியில எண்ணை அழிச்சு சுழியில இருந்து ஆரம்பிச்சார்.

டக். "ஒண்ணு சார்"னேன். மேனேஜர் சார் திரையைப் பாத்து, "0.0. ஒண்ணை விட்டுரும்தான், இப்பப் பாத்தோம்ல"ன்னார்.

டக். "ரெண்டு சார்." "0.0."

டக். "மூணு." மேனேஜர் சார் கைக்குட்டையால கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுத் திரைகிட்டக் குனிஞ்சார்.

நாலாவது டக்குக்கு அவரே எந்திரிச்சு மேடைக்கு வந்துட்டார். தொட்டில் சாயுறதைக் கண்ணால பாக்கணுமாம். அஞ்சாவதைப் பாத்தார். ஓடிப்போய்த் திரையைப் பாத்தார். ஆறாவதுக்கு மறுபடி மேடை. குடிசைக்கும் மேடைக்கும் நடுவுல அவர் நடந்த நடையை இப்ப நினைச்சாலும் சிரிப்பு வருது. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல.

"பத்து சார்"னேன்.

"0.0"ன்னார் மேனேஜர் சார், மெதுவா.

சாகுல் சார் அதையும் எழுதினார். எழுதி முடிச்சுட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னார்: "தப்பு என்னோடது."

அப்புறம் விளக்கினார். மானி அனுப்புற அந்த ஒரு எழுத்து ஒரே வீச்சுல வராது, துண்டு துண்டா வரும். முதல் துண்டு வந்து தட்டும்போதுதான் தூங்குற வாசல் முழிக்குது. அது எந்திரிச்சு உக்கார்றதுக்குள்ள மிச்சத் துண்டெல்லாம் போயிருது. அந்த எழுத்து போச்சு. அடுத்த எழுத்து ஒரு நிமிஷத்துக்குள்ள வந்தா வாசல் முழிச்சிருக்கும், முழுசாக் கேக்கும். தூத்தல்ல அடுத்தது வர்றதுக்குள்ள மறுபடி தூங்கியிருக்கும். ஒவ்வொரு சொட்டும் அதை எழுப்பிவிட்டுட்டு வீணாப் போயிருக்கு.

"அப்ப காத்து மட்டும் எப்படி சார் தப்பல?" இதைக் கேட்டது நான்தான். மேனேஜர் சார் முன்னால நானாக் கேட்ட முதல் கேள்வி.

"காத்து மீட்டர் தானாப் பேசாதுக்கா. பெட்டிதான் அதைக் கேக்கும், கேட்டாத்தான் அது பதில் சொல்லும். கேக்கும்போதே வாசல் முழிச்சிரும். ஆபீசுக்கு அனுப்புற வாசலும் அப்படித்தான். நாம கூப்பிட்டுப் பேசுற வாசல் தூங்கலாம். வெளியில இருக்கிறவன் எப்ப வேணா கூப்பிடுற வாசல் தூங்கக் கூடாது. நான் மூணுக்கும் ஒரே சட்டம் போட்டுட்டேன்."

மடிக்கணினியைச் சொருகி ரெண்டு வரி அடிச்சார். இங்கிலீஷ்ல எழுத்துக் கூட்டிப் படிப்பேன். 'ஆட்டோ'ன்னு இருந்ததை 'ஆன்'னு மாத்தினார்னு ஞாபகம். மழை வாசலுக்கு மட்டும். திரும்ப அதே மெதுவான சொட்டு, அதே பத்து. இந்தத் தடவை மேனேஜர் சார் உக்காரவே இல்ல. 0.2, 0.4, 0.6ன்னு ஏறுச்சு. பத்தாவதுக்கு 2.0. அவர் 'ரெண்டு'ன்னு கத்தினதுல கம்பத்துல இருந்த காக்கா பறந்துபோச்சு.

"ஆனா இது தற்காலிகம்தான்"னார் சாகுல் சார். பெட்டி அணைஞ்சு எரிஞ்சா பழையபடி 'ஆட்டோ' ஆயிரும். கீழக்கரைக்குப் போய் டிரைவரையே திருத்தி எழுதணும், ரெண்டு வாரம் ஆகும், அது வரைக்கும் பெட்டி அணைஞ்சு எரிஞ்சா எனக்குப் போன் போடுங்கன்னார். "போடும்போது கட் பண்ணாதீங்க." ஒரு வாசல் முழிச்சே இருக்கிறதால பேட்டரிக்குச் சுமை கூடும்னு பெரிய தகடு ஒண்ணும் கொண்டுவந்து போட்டார். அடுத்த ஐப்பசியில பெட்டி அணையல. அது பிறகு.

அன்னைக்கு அவர் கிளம்புறதுக்கு முன்னாடி என் நோட்டை விரிச்சு, குறிப்புக் கட்டத்துல எழுதினார்: 'மழை வாசலைத் தூங்க வைத்தது நான். அதனால் பெட்டி தூறலை எண்ணவில்லை. இந்த நாட்களுக்குக் கையால் எடுத்த அளவே சரி.' கையெழுத்துப் போட்டார். மேனேஜர் சார் அதைப் படிச்சார். வெளியில போய் ஒரு ஆளை டீ வாங்கிட்டு வரச் சொன்னார், மூணு டீ. அவர் என்கிட்ட மன்னிப்புக் கேக்கல, நானும் எதிர்பாக்கல. அன்னையில இருந்து 'பஞ்சவர்ணம்' போய் 'பஞ்சவர்ணம்மா' ஆச்சு. பதிவேட்டுல எதையும் எழுதல. நான் ஓய்வுல வர்ற வரைக்கும் கைநோட்டும் நிக்கல. பெட்டி ஒண்ணு சொன்னா நோட்டைப் பாத்துட்டுத்தான் ஆள் அனுப்புவார்.

ராக்கம்மாகிட்ட மட்டும் நானே போய் நடந்ததைச் சொன்னேன். எழுதாம விடல, பொய்யா எழுதினேன்னு சொன்னேன். "பெட்டி தூங்குச்சு, சரி. நீங்க முழிச்சுத்தானே இருந்தீக மதினி?"ன்னா. பிறகு அவளே முறுக்கு ஒண்ணை ஒடிச்சுப் பாதி கொடுத்தா.

அன்னைக்கு டீ குடிச்சு முடிச்சதும் சாகுல் சார் நோட்டை என் பக்கம் திருப்பி வச்சார். "ஒங்க நாளை நீங்க திருத்துங்கக்கா."

0.0 மேல ஒரே கோடு அடிச்சேன், கீழ இருக்கிறது தெரியுற மாதிரி. பக்கத்துல 1.6 எழுதினேன். 'ப', புள்ளி. அவர் பாத்துட்டு, "அன்னைக்கே எழுதி வச்சீங்களா, ஞாபகத்துல இருந்து எழுதுறீங்களா?"ன்னார்.

"ஞாபகத்துல இருந்துதான் சார்."

"அதையும் பக்கத்துல போட்டுருங்க."

போட்டேன்.

இதைப் புத்தகத்துல போடுறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசல், எழுத்து, துண்டு, ஆட்டோ, 'ஆன்'னு நான் எழுதினதையெல்லாம் சாகுல் சாரோ விவரம் தெரிஞ்ச வேற யாரோ ஒரு தடவை பாத்துச் சரி பண்ணிருங்க. எனக்கு இப்பல்லாம் பங்குனியில நடந்தது சித்திரைக்குப் போயிருது. அப்புறம் உப்பளத்து ஆபீஸ் பீரோவுல அந்த நோட்டு இருக்கும், நீல அட்டை. கோடு அடிச்ச இடம் அதுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், தேடக் கஷ்டமில்ல. யாராவது போனா எடுத்துப் பாருங்க. இங்க நான் 1.6ன்னு எழுதியிருக்கேன். இப்ப எழுதும்போது 1.8ஆ இருந்திருக்குமோன்னு ஒரு சந்தேகம் வருது. நோட்டுல என்ன இருக்கோ அதைப் போடுங்க.